கருக்கன் தள்ளியது தள்ளியதுதான்

உன் கதையிலிருந்து ஆறாவது அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். கருக்கன் தன் கூட்டாளி செம்பனை மடைக்குள் தள்ளுகிற அதிகாரம். அந்த இடத்தில் புதிதாக ஒரு பத்தி இருக்கிறது. அதில் செம்பனுக்குக் கால் வழுக்குகிறது. கருக்கன் கையை நீட்டுகிறான், எட்டவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறான். எடுத்தவள் உன் மகள். ஒத்துக்கொண்டவர் புத்தகம் போடுகிறவர். இதற்கு முன்னுரை எழுதித் தர வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நீயும் போன பிறகு, உன்னோடு வேலை செய்தவர்களில் நான் ஒருத்திதான் உயிரோடு மிச்சமாம்.

முன்னுரைக்கென்று எடுத்த தாளில்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

அச்சடிக்கும் முன் பார்க்கச் சொல்லி அனுப்பிய தாள்கட்டு போன வாரமே வந்துவிட்டது. இன்று அதை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் கல்யாணம். பின்புறம் கொட்டகை போட்டு அடுப்பு மூட்டி, விறகோடு அண்டித்தோடும் அள்ளிப் போட்டு எரிக்கிறார்கள். பருப்பை எடுத்த பிறகு மிஞ்சும் அந்த முந்திரி ஓட்டின் புகை, தொண்டையில் எண்ணெய் தடவியதுபோல இறங்கும் என்பது உனக்குத் தெரியாததா? சன்னல் வழியாக அது உள்ளே வந்தது. ஆறாவது அதிகாரம் இருக்க வேண்டிய பக்கத்தில் என் விரல் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் நீ இருமினாய். அதே வறட்டு இருமல், முடிவில் ஒரு செருமல். திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் மடிக்காத துணி கிடந்தது. வெளியே நல்ல உச்சி வெயில், ஆள் நடமாட்டமில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் இருந்தது. உனக்கும் அதுதான் இருந்திருக்கும்.

மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம் நாம் முந்திரி உடைத்த அந்த அண்டி ஆபீசை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. நாம் வரிசையாகக் குந்தியிருந்த நீளக் கொட்டகை, கைக்கு ஒரு மரக்கட்டை, பக்கத்தில் ஒரு சிரட்டை சாம்பல். ஓட்டின் பால் பட்டால் விரல் வெந்துவிடும் என்று சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்போம். அப்படியும் எல்லார் விரலும் கறுத்துத்தான் இருந்தன. பேச்சு வந்தால் வேலை நிற்கும் என்று சூப்பர்வைசர் முதலில் சத்தம் போடுவார். உன் கதை நடக்கும்போது ஒரு கையும் நிற்பதில்லை என்று கண்டபிறகு கேட்காததுபோல நடந்துபோவார்.

அங்கேதான் நீ அரைவெயில் நாட்டைச் சொன்னாய். சூரியன் மலைக்கு மேல் பாதி எழுந்து, பாதியாகவே நின்று, பாதியாகவே மறைகிற நாடு. அங்கே நிழல்கள் ஆளைவிட நீளம், குளங்களெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு குளத்திலும் மடைக்கு அடியில் ஆழத்தாள் இருக்கிறாள். அவளுக்கு முகம் கிடையாது. யாரைக் கூப்பிடுகிறாளோ அவருக்குப் பிரியமான ஒருவரின் குரலில் கூப்பிடுவாள். மழை மிஞ்சிக் கரை உடைகிற நேரத்தில் ஓர் உயிர் கேட்பாள். அப்படி ஒரு கரை உடைகிற அன்று, மடைக்காவலன் கருக்கனுக்கு உதவ ஓடி வந்தவன் செம்பன் ஒருவன்தான். மண்மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான். கருக்கன் அவன் முதுகைப் பார்க்கிறான். உள்ளங்கையை விரிக்கிறான். அவசரமில்லாமல் தள்ளுகிறான்.

கரை நின்றுவிடுகிறது. நாடு பிழைக்கிறது. கால் வழுக்கிவிட்டது என்று கருக்கன் ஊரில் சொல்கிறான், ஊர் அவனைத் தோளில் தூக்குகிறது. அதன் பிறகு எந்தத் தண்ணீரைக் குனிந்து பார்த்தாலும் செம்பன் தெரிகிறான். கிணற்றில், கிண்ணத்தில், மாட்டுக்கு வைத்த தொட்டியில். அந்த முகத்தில் கோபமில்லை. மூட்டையை எங்கே இறக்க என்று கேட்பதுபோலப் பார்க்கிறது. கருக்கன் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் பழகுகிறான்.

கருக்கன் ஊருக்குச் சொன்ன பொய்யை இப்போது புத்தகமே நமக்குச் சொல்கிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ இந்த இடத்தைச் சொன்ன அன்று வரிசையில் கட்டைச் சத்தம் நின்றது. நமக்கு நடுவில் இருந்தாளே செல்லபாய், எதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பவள், அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, தள்ளிட்டு அவன் வீட்டுல போயி சோறு தின்னானா?"

"தின்னான்."

"கொள்ளாம்! உப்பு பத்தல்லேன்னு பெண்டாட்டிகிட்ட சண்டையும் போட்டிருப்பான்."

"போட்டான். பின்ன என்னவாக்கும் செய்வான்? பசிக்குமில்லா," என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது செல்லபாய் தூக்குப்போணி மூடியில் குடிக்கத் தண்ணீர் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். கொண்டுபோகும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் மூடினாள். நானும் மூடினேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சூப்பர்வைசர் வந்து நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளேளா, வெள்ளம் குடிக்கதுக்கும் செபமா?"

"வெள்ளத்துல ஆளு கிடக்கு சாரே," என்றாள் செல்லபாய்.

அவர் சிரித்துக்கொண்டே பானையைத் திறந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. என்ன கண்டார் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தார்.

எனக்கும் உனக்கும் கருக்கனை வைத்துத்தான் எத்தனை சண்டை. அவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்பது என் கட்சி. நான் பிறந்த கடற்கரையில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

"சாமியார்கிட்ட சொல்லிட்டா செம்பனுக்க மொகம் போயிருமில்லா? ஒரு வரி எழுதுனா போரும்."

"உங்க ஆளு முட்டுகுத்தி சொல்லிட்டு, எழும்பி வீட்டுக்குப் போவான். எங்க ஆளு, மாடன், கெட்டவனாவே நின்னு காவல் காக்கும். அது ஒரு தினுசாக்கும்."

"கெட்டவனை எதுக்குட்டி கும்பிடணும்?"

"அவனுக்கு நம்மளத் தெரியும். அதுக்கு."

அன்றைக்கு நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். மீதி வாசிப்பெல்லாம் வாடகைக்கு எடுத்த நாவல்களில் நானாகப் பழகியது. அந்த நாவல்களின் கதாநாயகர்கள் வெள்ளைச் சட்டையோடு வருவார்கள், வெள்ளைச் சட்டையோடு போவார்கள். அவர்களுடைய கதையில் எனக்கு உட்கார இடம் இருந்ததில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கருக்கன் வீட்டில்தான் என்னை உள்ளே வரச் சொன்னார்கள். அங்கே இருட்டு, அங்கே ஈர மண் வாசம், மூலையில் ஒருத்தன் முகத்தை மறைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிறான். நான் மாமியாரோடு பேசாமலிருந்த வருடங்களும் பங்கு பிரிக்கும்போது தம்பியைச் சொன்ன வார்த்தைகளும் அங்கே பெரிதாகத் தெரியவில்லை. அவற்றோடு அங்கே உட்கார முடிந்தது. வரிசையில் இருந்த எல்லாருக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஒரு கொலைகாரன் குளத்தோரமாக நடந்துபோகிறான் என்று கேட்க, கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் காத்திருப்பார்களா? ஆழத்தாள் அவனைக் கண்டு ஒதுங்கினாள். நல்லவர்களை அவள் விழுங்கினாள், இவன் இறங்கினால் வழி விட்டாள். அவனால்தான் மற்றக் குளங்களையும் காக்க முடிந்தது. தள்ளிய அதே உள்ளங்கையால்தான் பிறகு பிள்ளைகளை வெள்ளத்திலிருந்து தூக்கினான். எந்தக் குழந்தையும் அந்தக் கையைப் பிடிக்கும்போது ஒரு நொடி நடுங்கும் என்று நீ சொன்னாய். அந்த நடுக்கத்துக்குத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

செல்லபாய்க்குத்தான் ஒருநாள் பொறுக்கவில்லை. "இம்புட்டு கொடூரம் உனக்க மண்டையில எங்கேருந்துட்டி வருது?" என்று கேட்டாள்.

நீ கட்டையை நிறுத்தவில்லை. உடைத்துக்கொண்டே சொன்னாய்.

"எனக்க அக்கா குளத்துல போனால்லா. நானும் கூட இறங்கி நின்னேன். அவளுக்க காலு கொடியில மாட்டிச்சு. எனக்க கைய பிடிச்சா. என்னயும் கீழ இழுத்தா. நான் கைய விட்டேன்."

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் உன் அக்காவைக் குளம் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரியும். இது தெரியாது.

"வீட்டுல நீ என்ன சொன்ன?" என்று செல்லபாய்தான் மெதுவாகக் கேட்டாள்.

"வழுக்கிட்டுன்னு சொன்னேன்."

"நீ தள்ளல்லியே பிள்ள."

"நான் தள்ளல்ல. கருக்கன் தள்ளினான். நான் செஞ்சதவிட அவன் பெரிசா செய்யணும். அப்பந்தான் அவன் மொகத்த என்னால நேரா பாக்க முடியும்."

செல்லபாய் தன் சிரட்டையிலிருந்து சாம்பலை அள்ளி உன் சிரட்டையில் போட்டாள். "விரல் வேகுது பாரு. தொட்டுக்கோ," என்றாள். அவ்வளவுதான். அந்த வரிசையில் இருந்தவர்கள் எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாதவர்கள். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. இன்று நான் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நீ எழுதி முடித்து, மாத நாவல் போடுகிற ஒருவரைத் தேடி நாகர்கோவிலுக்குப் போனபோது நானும் கூட வந்தேன். அவர் கதையை வைத்துக்கொண்டார். இந்தத் தள்ளுகிற அதிகாரத்தை மட்டும் மாற்றித் தாருங்கள், கதாநாயகன் கொலைகாரன் என்றால் பெண்கள் வாங்கமாட்டார்கள் என்றார். நீ சிரித்தாய். "பெண்டுவளாக்கும் இத மொதல்ல கேட்டது. மாத்துனா அவன் வரமாட்டான்," என்றாய். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதற்கு முந்தின வருடம் உங்கள் குடும்பக் கோயில் கொடையில் உன் பக்கத்தில் நின்றவள் நான்.

உச்சிக்கொடை நேரம். பந்தலின் நிழல்கூடக் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது. வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. உங்கள் மாடன் உயிரோடு இருந்தபோது, தான் காவல் நின்ற வீட்டையே, உள்ளே ஆள் இருக்கக் கொளுத்தியவர். கொடையில் அதை விடாமல் பாட வேண்டும், அதைப் பாடும் இடத்தில்தான் சாமியாடிமேல் அவர் வருவார். அந்த வருடம் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் புதுச் சம்பந்தம். சம்பந்தி வீட்டார் காரில் வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தீ வைத்ததை அவர்கள் முன்னால் பாட வேண்டாம், பிறந்தார், காவல் காத்தார், தெய்வமானார் என்று முடித்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் வில்லுப்பாட்டு பாடுகிற அண்ணாவியிடம் சொல்லிவிட்டார். அண்ணாவியும் அப்படியே பாடினார்.

சாமியாடி கமுகம்பூவைக் கையில் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றார். மேளம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அவர் உடம்பில் அசைவே இல்லை. அந்த வெயிலில் அவருக்கு வியர்க்கக்கூட இல்லை. மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தாமாக நிறுத்திவிட்டார்கள். காற்றில்லை. விளக்கின் சுடர் வரைந்து வைத்ததுபோல நின்றது.

"நீங்க பாடினது வேற ஆரயோ. எனக்கு அவர தெரியாது," என்றார் சாமியாடி. சாதாரணமாக, வழியில் யாரோ விலாசம் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"அண்ணே, விருந்தாளிய இருக்காவ. ஒண்ணு ஆடிவிடப்பிடாதா?" என்று தலைவர் காதருகே போய்க் கெஞ்சினார்.

"வராத்தவர நான் எங்க போயி கூட்டிட்டு வர?"

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஓலைக்கூரை எரிகிற வாசம். பந்தம் கொளுத்தவில்லை, அடுப்பு அந்தப் பக்கமே இல்லை. பீடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைச் சுளித்ததை நான் பார்த்தேன், நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். நான் இன்னொரு கையால் கழுத்துச் சிலுவையைப் பிடித்தேன். அண்ணாவி யாரையும் கேட்கவில்லை. கோலை எடுத்து வில்லில் அடித்து, தீ வைக்கும் இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். கொஞ்சம் பாடியதும் சாமியாடியின் தோளில் தொடங்கியது. அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

திரும்பி நடக்கும்போது, "கண்டியா?" என்றாய்.

"அந்தச் சம்பந்திக்காரங்க பாவம், பயந்திருப்பாங்க," என்றேன்.

"அவியளுக்கென்ன, ரெண்டாம் பாயாசம் வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனாவ."

நாகர்கோவில்காரர் கடைசியில் இறங்கிவந்தார். அதிகாரம் அப்படியே அச்சானது. அட்டையில் மட்டும் கதையிலேயே இல்லாத ஒரு பெண்ணைத் தலைவிரிகோலமாகப் போட்டு, பக்கத்தில் ஒரு மண்டையோட்டையும் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். "இவ ஆருட்டி? வேற கதைக்குப் போறவ வழி தப்பி வந்துட்டாளோ?" என்று நீ கேட்டாய். பஸ் ஸ்டாண்ட் கடையில் கொஞ்ச நாள் தொங்கியது. பிறகு மறந்துபோனார்கள். நீ வேறொன்றும் எழுதவில்லை.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. கைபேசியில் வாசிக்கிற பிள்ளைகள், பேயும் வாளும் இருட்டும் நிறைந்த கதைகளைத் தேடித்தேடி வாசிக்கிறார்கள். நல்லவனாக இல்லாத நாயகன்தான் வேண்டுமாம் அவர்களுக்கு. உன் புத்தகத்தை யாரோ பழைய கடையில் எடுத்து, அதைப்பற்றி எழுதி, அது பரவி, பதிப்பாளர் உன் மகளைத் தேடி வந்தார். நான் சந்தோஷப்பட்டேன். தாள்கட்டு வரும்வரை.

வாசித்த அன்றே அவருக்குப் போன் செய்தேன்.

"கருக்கன் அப்படியேதாம்மா இருக்கான். ஒரு அதிகாரம்தானே? குடும்பத்தோட விருப்பத்தை மீற முடியாது," என்றார்.

"அப்பம் அவன் எதுக்கு கண்ண மூடிட்டு வெள்ளம் குடிக்கான்?"

"காப்பாத்த முடியலையேங்கிற குற்ற உணர்ச்சி..."

"காப்பாத்த முடியாதவன் அந்த மொகத்த ஒருக்கா காணமாட்டமான்னு தேடித் தேடிப் பாப்பான் தம்பி. கண்ண மூடமாட்டான்."

அவர், உங்கள் முன்னுரை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

நேற்று கொட்டாரத்தில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். பஸ் உங்கள் குளத்தங்கரை வழியாகத்தான் போகிறது. மத்தியான வெயிலில் தாமரை இலைகள் குளத்தை மூடிக் கிடந்தன. படித்துறைக்கு அப்பால் ஓரிடத்தில் மட்டும் இலையில்லை. வட்டமாக, கறுப்பாக, வெறுந்தண்ணீர். பூப்பறிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணும் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது.

உன் மகளுக்கு உன் சாயல் இல்லை, உன் கை இருக்கிறது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சித்தி, நீங்க கோவப்படுவியன்னு தெரியும். ஆனா பெரியம்ம குளத்துல போனது ஊருக்கே தெரியும். அம்ம கூட நின்னதும் தெரியும். புத்தகம் வந்தா ரெண்டையும் சேத்து வச்சு பேசுவாவ. கதைக்குள்ள அம்ம ஒத்துக்கிட்டான்னு சொல்லுவாவ. நான் ஆரு வாய மூட?"

"ஒனக்க அம்மைக்கு அந்தப் பயம் இருந்ததில்ல மக்கா."

"அம்மைக்கு இருக்காது. இஞ்ச இருந்து பதில் சொல்லப்போறது நானில்லா."

அவள் எழுந்துபோய் எனக்கு வெள்ளம் கொண்டுவந்தாள். கண்ணாடித் தம்ளர். நான் வாங்கினேன், குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் கண்ண மூடுதியளே சித்தி."

"அண்டி ஆபீஸ் பழக்கம். ஒனக்க அம்மைக்க கதைய கேட்டு எல்லாரும் பழகினது. விடல்ல."

"அம்மயும் மூடும். நான் சாமி கும்பிடுகான்னு நெனச்சேன்." தம்ளரை எடுத்துக்கொண்டாள். "ஆனா அம்ம அண்டி ஆபீசுக்குப் போகதுக்கு முன்னயே மூடும் சித்தி. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து."

கருக்கனிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டதை, கருக்கன் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாக வெள்ளம் குடித்து, நீ எங்களோடு சேர்ந்து விளையாட்டுக்குக் கண்ணை மூடுகிறாய் என்றே நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் உனக்கு ஓர் ஆள் உண்மையிலேயே இருந்திருக்கிறாள்.

உன் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். வீட்டில் வேறு யாருமில்லை, ஆனாலும் தாழ்த்தினாள்.

"அம்ம தள்ளினாளா சித்தி?"

ஊருக்குப் பயந்து எடுத்தேன் என்றாளே, அது பாதிதான். அவள் பயந்தது இந்தக் கேள்விக்கு. சின்ன வயதில் எப்போதோ அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறாள். வாசித்த நாள் முதல் அதை யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிறாள். அதிகாரத்தைக் கிழித்துவிட்டால் கேள்வியும் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். அதனால்தான் கொட்டகையில் நீ சொன்னதை, நீ சொன்ன வார்த்தையிலேயே அவளுக்குச் சொன்னேன். கொடி, கை, விட்டது, வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னது. செல்லபாய் சாம்பல் போட்டதையும் சொன்னேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ தந்திருப்பாய்.

அவள் நெடுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சின்னப் பிள்ளயில்லா சித்தி அப்பம்," என்றாள். அழவில்லை. என்னை பஸ் ஏற்றிவிட வந்தவள், "யோசிக்கேன்," என்று மட்டும் சொன்னாள்.

யோசிக்க இதில் என்ன இருக்கிறது? நான் யோசித்தாகிவிட்டது. இந்த மடலின் பிரதி ஒன்று அவளுக்கும், ஒன்று பதிப்பாளருக்கும் போகிறது. அதனால் கீழே இருப்பதை நீ மட்டுமல்ல, அவர்களும் வாசிக்கட்டும்.

புத்தகம் போடுகிறவர் ஆறாவது அதிகாரத்தை ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பச் சேர்க்க வேண்டும். கால் வழுக்குகிற பத்தியை எடுத்துவிட வேண்டும். அடிக்குறிப்பாகக்கூட அது இருக்கக் கூடாது. பழைய புத்தகம் என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். ஆள் அனுப்பி, என் வீட்டில் வைத்து, என் கண்முன்னால் படி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதைச் செய்த பிறகு நான் முன்னுரை எழுதித் தருவேன். செய்யாவிட்டால் என் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் வரக் கூடாது, நன்றிப் பக்கத்திலும்.

உன் மகள் முதல் பக்கத்தில் தன் பெரியம்மையின் பெயரைப் போட வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்றோ. யாராவது வந்து, உங்கள் அம்மா தள்ளினாரா என்று கேட்டால், இல்லை, கையை விட்டாள், சின்னப் பிள்ளை என்று பதில் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும், மறுமுறை கேட்க வருகிறவர்களை என்னிடம் அனுப்ப வேண்டும்.

வாசிக்கிற பிள்ளைகள் கருக்கனை மன்னிக்க வேண்டியதில்லை. அவன் கேட்கவும் இல்லை. பாதியில் மூடிவைக்காமல் கடைசிவரை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியீட்டு நாளில் நான் எழுந்து ஆறாவது அதிகாரத்தை வாய்விட்டு வாசிப்பேன். புத்தகத்தில் அது இருந்தாலும் வாசிப்பேன், இல்லாவிட்டாலும் வாசிப்பேன். மைக் தராவிட்டால் மைக் இல்லாமல் வாசிப்பேன். பக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

உனக்கு வேலை ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதை நீ எழுதிவிட்டாய். மிச்சம் எங்கள் பாடு.